கசார்வாடியில் யாரும் யாரையும் புகழ மாட்டார்கள்

1

நான் புனேக்கு வந்து சேர்ந்த நாள் எங்கள் வீட்டில் ஒரு பண்டிகை. கொண்டாடுவது என் கணவர் மட்டும். ஒவ்வோர் ஆண்டும் அன்று காலையில் பாணேர் கடைத்தெருவுக்குப் போய்ச் சுடச்சுட ஜிலேபி வாங்கி வருவார். "இன்னொரு வருசம் தாக்குப்பிடிச்சிட்ட" என்று சொல்லி என் வாயில் ஒன்றைத் திணிப்பார். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய அன்றைக்கு, ஒரே வருசம்தான் இங்கே இருப்பேன், அதற்குள் மாற்றல் வாங்கிவிட வேண்டும் என்று அவரிடம் நான் சபதம் போட்டிருந்தேன். மாற்றலும் வரவில்லை, நானும் போகவில்லை. அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையிலேயே ஓய்வுபெறப் போகிறார். நான் சிவாஜிநகர் கோர்ட்டில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன், மாலையில் ஒரு சட்டக் கல்லூரியில் வகுப்பும் எடுக்கிறேன். மகள் இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, இப்போது சட்டம் கடைசி வருடம் படிக்கிறாள்.

இந்த வருடம் அந்த ஜிலேபி நாளில்தான் சரவணனுக்குத் தீர்ப்பு வந்தது. குற்றவாளி என்று.

ஊரில் இருந்து படிக்கும் உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சரவணனின் அம்மா செல்வியக்கா. ஆரணிப் பக்கம். கணவர் இறந்த பிறகு கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலை ஓரம், தள்ளுவண்டியில் இட்லி விற்று இந்த ஒரே பையனை வளர்த்தார். அவன் போசரியில் ஒரு கம்பெனியில் இயந்திரம் ஓட்டுகிறான். அங்கே அவனை நிரந்தரமாக்கிய அதே மாதத்தில் ஒருநாள், நகராட்சி ஆட்கள் சாலையோர வண்டிகளை அகற்ற லாரியோடு வந்தார்கள். சாம்பார் அண்டாவோடு அம்மாவின் வண்டியைத் தூக்குவதைப் பார்த்தவன், ஓடிப்போய் ஒருவரைப் பிடித்துத் தள்ளிவிட்டான். அவர் தத்தா பாவு, அதாவது தத்தா அண்ணன், நகராட்சி ஊழியர். விழுந்ததில் அவருக்கு மணிக்கட்டு முறிந்தது.

வேலையில் இருக்கும் அரசு ஊழியர்மேல் கை வைத்தால் சட்டம் கடுமையானது. இரண்டு பேரும் கை குலுக்கிச் சமாதானமாகிவிட்டோம் என்று வழக்கை முடித்துக்கொள்ளவும் முடியாது. பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க நடந்த விஷயம். நான் எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். தோற்றேன்.

இனி மிச்சம் இருந்தது தண்டனை. சிறை என்றால் போசரி வேலை போய்விடும், திரும்பக் கிடைக்காது. ஆனால் சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. முதல் தடவை தப்புச் செய்தவனை, நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் வீட்டுக்கே அனுப்பலாம். அப்படி அனுப்பினால் அந்தத் தீர்ப்பு அவன் வேலைக்குக் குறுக்கே நிற்காது. ஜட்ஜ், ஒரு மராத்தி அம்மாள், அதிகம் பேசாதவர், நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை வரவழைக்கிறேன் என்றார். அதன் பிறகு தண்டனை பற்றி இரண்டு தரப்பையும் கேட்கிறேன், அதுவரை ஜாமீன் தொடரட்டும் என்றார். வீட்டுக்கு வந்து ஆறிப்போன ஜிலேபியைத் தின்றேன். நன்றாகவே இருந்தது.

2

தண்டனை விசாரணை என்பது எங்கள் தொழிலின் அநாதைப் பிள்ளை. குற்றமா இல்லையா என்று வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவோம். குற்றம்தான் என்று ஆனதும், "தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள்?" என்று ஜட்ஜ் கேட்பார். வக்கீல் எழுந்து, "ஏழை, வயதான தாய், முதல் குற்றம், கருணை காட்ட வேண்டும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை ஒரு வக்கீல் பழக்கதோஷத்தில், தாயையே அடித்த ஒருவனுக்காக வயதான தாய் என்று ஆரம்பித்துவிட்டார். நான் திருநெல்வேலியில் படித்தபோது எங்கள் விரிவுரையாளர் இந்தப் பாடத்தை மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது என் மாலை வகுப்பில் இதைப் பல வாரம் இழுத்து நடத்துகிறேன். மாணவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். விடட்டும்.

மராத்தியில் வாதாடுவது பற்றியும் சொல்ல வேண்டும். நான் மராத்தி கற்றுக்கொண்டது காய்கறி விற்கும் அம்மாவிடம். அவரோடு ஒருமையில் பேசிப் பழகிய நான், தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு முதிய ஜட்ஜையும் கோர்ட்டில் வைத்து ஒருமையிலேயே அழைத்துவிட்டேன். "நீ சொல்றது சரிதான்" என்கிற மாதிரி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எங்க அம்மாவுக்கு அப்புறம் நீங்கதான் என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கீங்க" என்றார். வழக்கிலும் ஜெயித்தேன். இப்போது என் மராத்தி திருந்திவிட்டது. கோபம் வந்தால் மட்டும் காய்கறிக் கடைக்குத் திரும்பிவிடும்.

என் மகளுடைய தமிழ் இதற்கு நேர் எதிர். வெண்ணிலா என்று ஆசையாகப் பெயர் வைத்தோம். பள்ளியில் சேர்த்த முதல் வாரமே வனிலா ஆகிவிட்டாள். கல்லூரிப் பதிவேட்டில்கூட அப்படித்தான் ஏறி, அதைத் திருத்த நான் இரண்டு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். தமிழ் கேட்பாள், கொஞ்சம் பேசுவாள், ஊரில் பேருந்தின் பெயர்ப்பலகையை அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பேருந்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஊருக்குப் போனால் சித்தப்பா பிள்ளைகள் பேசுவதில் பாதி புரியாமல் எல்லாவற்றுக்கும் சிரித்து வைப்பாள்.

இந்தப் பெண் சமீபத்தில் அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுகளில் தண்டனை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று இணையத்தில் ஒரு படிப்புப் படித்தாள். அங்கே குற்றத்தின் கடுமையை ஒரு பக்கமும், ஆளின் பழைய கணக்கை ஒரு பக்கமும் வைத்து ஓர் அட்டவணை இருக்கிறதாம். அந்த அட்டவணை சொல்வதைவிடக் குறைவாக வாங்கித் தருவதற்கென்றே வக்கீல்கள் மாதக்கணக்கில் உழைப்பார்களாம். அவன் யார், எப்படி வளர்ந்தான், அவனைத் தெரிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடித் தேடி ஜட்ஜ் முன்னால் வைப்பார்களாம். சிலர் குறும்படமே எடுப்பார்களாம்.

"அம்மா, சரவணனுக்கு நான் அது பண்றேன்" என்றாள். "கசார்வாடி போய் எல்லாரையும் இன்டர்வியூ எடுக்கறேன். அவன் எவ்ளோ அச்சா பையன்னு அவங்களே சொல்லட்டும்."

"தமிழ்ல பேசணும் பாத்துக்க. அங்க உன் இங்கிலீசு செல்லாது."

"கேள்வி எல்லாம் நீ எழுதிக் குடு. இங்கிலீஷ் எழுத்துல."

வழக்கு தோற்ற எரிச்சல் அந்த நிமிடமே பறந்துவிட்டது. இருபத்திரண்டு வயதில் ஒரு தடவையாவது இந்தப் பெண் தானாகத் தமிழ் பேசப் போகிறேன் என்கிறாளே! விழுந்து விழுந்து கேள்வி எழுதிக் கொடுத்தேன்.

3

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டியில் போனவள் மதியம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்னட்டி ஆச்சு? யாரும் பேசலியா?"

"பேசினாங்க. ரொம்பப் பேசினாங்க." ஹெல்மெட்டைச் சோபாவில் எறிந்தாள். "அம்மா, ஒருத்தருக்குக்கூட அவனைப் பிடிக்கலை. அவங்க அம்மாவுக்கே பிடிக்கலை. ஐ ஃபீல் ஸோ பேட் ஃபார் ஹிம்."

கைபேசியை வாங்கிப் பார்த்தேன். முதலில் செல்வியக்கா. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமராவை முறைத்தார்.

"அவனா மேடம்? சுத்தத் தண்டம். காலீல எழுப்பறதுக்குள்ள எம் பிராணன் போவுது. ஒரு வேல ஒயுங்கா செய்ய மாட்டான். எனக்குன்னு வந்து பொறந்துக்கினு கீறான் பாரு."

"அவருக்குப் பின்னால நிக்கது யாரு?" என்று கேட்டேன். பின்னால் குழாயடியில் ஒருவன் குனிந்து, தன் இடுப்புயர அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அவன்தான். ஷிஃப்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி டெய்லி அவன்தான் தேய்ப்பானாம்."

அடுத்தது பக்கத்து வீட்டுக்காரம்மா. "அரக்கிறுக்கு மேடம் அவன். எங்கூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தாரு இல்ல, அப்ப வேலைக்கும் போவாம அங்கியே குந்திக்கினு கெடந்தான். பொயப்பு கெட்டவன். சொன்னா கேக்கவே மாட்டான்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தேன். வெண்ணிலாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதுல என்ன ஃபன்னி?"

"ஏட்டி, இதவிட நல்ல பேரு ஒருத்தனுக்குக் கிடைக்காதுட்டி. பெத்த பிள்ளைய வெளி ஆள் முன்னால யாராவது நல்லவன்னு சொல்லுவாவளா? கண்ணு பட்டுரும். மரியாதையும் இல்ல. நம்ம ஆளுன்னா திட்டணும். ஆகாதவன்னா, ரொம்ப நல்லவர்ங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கன்னு சொல்லிட்டுக் கதவச் சாத்திருவாவ."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "அப்போ ஒருத்தரை எவ்ளோ திட்டறாங்களோ அவ்ளோ லவ்வா?"

"கிட்டத்தட்ட."

"அம்மா, இது ரொம்ப அன்ஹெல்தி" என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குள் போய்விட்டாள். குறும்படத்துக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு வரியும் அதில் இல்லை என்பது அவள் வருத்தம். எனக்கு வருத்தமே இல்லை. சரவணன் எப்படிப்பட்டவன் என்று அந்தப் படத்தில் தெளிவாகவே இருந்தது. அதை மராத்தியில் நான் எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

4

நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை வந்ததும் என் சிரிப்பு நின்றது.

அவரும் கசார்வாடிக்குப் போயிருக்கிறார். அவரும் அதே ஆட்களைக் கேட்டிருக்கிறார், இந்தியில். அவர்களும் தங்கள் சரவணனை அதே போல வாயார வைதிருக்கிறார்கள், இந்தியில். அவர் நேர்மையான மனிதர். கேட்டதை அப்படியே மராத்தியில் எழுதி முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். சோம்பேறி, பொறுப்பற்றவன், அரைப் பைத்தியம் என்று அக்கம்பக்கத்தார் கருதுகிறார்கள். தாய்க்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. கண்காணிப்பில் விடுவதற்குச் சாதகமான சூழல் காணப்படவில்லை.

அவர் அலுவலகத்துக்கு ஓடினேன். முதல் நாள் அவர் வெளியே போயிருந்தார். இரண்டாம் நாள் இருந்தார், கோப்பு வெளியே போயிருந்தது. மூன்றாம் முறை இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன. அவருக்கு முழுவதையும் விளக்கினேன். ஆஸ்பத்திரி கதை, அண்டா தேய்த்த கதை எல்லாம். பொறுமையாகக் கேட்டார், டீயும் வாங்கிக் கொடுத்தார்.

"மேடம், ஒரு அம்மா தன் பையனைச் சோம்பேறின்னு சொன்னா நான் சோம்பேறின்னு எழுதறேன். அதுக்கு அர்த்தம் அன்புன்னு எழுத எனக்கு எந்த விதியில இடம் இருக்கு?" என்றார் மராத்தியில்.

டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஒரே வழி, செல்வியக்காவைக் கூண்டில் ஏற்றி, மகன் நல்லவன் என்று ஜட்ஜிடம் நேரடியாகச் சொல்ல வைப்பது. கடை முடித்த நேரமாகப் பார்த்து கசார்வாடிக்குப் போய் ஒத்திகை நடத்தினேன். வெண்ணிலாவும் வந்தாள். செல்வியக்கா எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என்னை வக்கீலம்மா என்பார், அவளை மேடம் என்பார். அவளுக்கு அது கூச்சமாக இருக்கும்.

"ஜட்ஜு கேட்டா என்ன சொல்லணும்?"

"எம் புள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்துவார். வாசல்பக்கம் பார்ப்பார். "எப்டி வக்கீலம்மா? நாலு பேரு கீற எடத்துல எம் வாயால எப்டி நல்லவன்னு சொல்றது? ஏற்கெனவே அவனுக்கு நேரம் சரியில்ல."

"இந்தில சொல்லுங்க. இந்தில கண்ணு படாது."

"சாமிக்கு இந்தி தெரியாதா இன்னா?"

சரவணன் கதவோரம் நின்று சிரித்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எத்தனை ஒத்திகை பார்த்தும் 'எம் புள்ள நல்லவன்' என்ற அந்த மூன்று வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கடைசியில், கோர்ட்டில் நான் கூப்பிட மாட்டேன், நீங்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

5

விசாரணை அன்று கசார்வாடியிலிருந்து ஒரு வேன் ஆட்கள். பின் பெஞ்சு நிறையப் பூ வைத்த தலைகள். வெண்ணிலா வெள்ளைச் சட்டையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். 

ஜட்ஜ் முதலில் தத்தா பாவுவைக் கேட்டார். அவர் எழுந்து, "கை சரியாப் போச்சு மேடம். ஆனா இந்தப் பையன் இத்தனை நாள்ல ஒரு தடவைகூட என்கிட்ட மன்னிப்புக் கேக்கலை" என்றார்.

அது என் உத்தரவு. வழக்கு நடக்கும்போது மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று எல்லா வக்கீலும் சொல்வதைத்தான் நானும் சொல்லியிருந்தேன். இப்போது அந்தத் தடை இல்லை. சரவணன் யாரும் சொல்லாமலே திரும்பி, கைகூப்பி, சுத்தமான மராத்தியில், "தப்பு என்னோடது பாவு. மன்னிச்சிடுங்க" என்றான். தத்தா பாவு தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

நல்ல ஆரம்பம் என்று நான் எழுந்தேன். அவனுடைய வேலை, குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவன் கூடவே கிடந்தது எல்லாம் சொன்னேன். சிறைக்குப் போனால் போசரி வேலை என்ன ஆகும் என்றும், நன்னடத்தைச் சட்டம் எதற்காக இருக்கிறது என்றும் சொன்னேன். மராத்தி தடம் புரளாமல் ஓடியது. அரசு வக்கீல் காளே நல்லவர்தான், ஆனால் அவர் வேலையை அவர் செய்யாமல் விட மாட்டார். "இதெல்லாம் வக்கீல் சொல்வது. அதிகாரியின் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லையே" என்றார்.

ஜட்ஜ் அறிக்கையை மறுபடி படித்தார். பிறகு தலையை உயர்த்தி, "தாய் வந்திருக்கிறாரா?" என்றார்.

செல்வியக்கா அதற்குள் எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"உங்க மகன் எப்படிப்பட்டவன்?" ஜட்ஜ் இந்தியில் கேட்டார்.

செல்வியக்கா என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். "மேரா பேட்டா..." என்று ஆரம்பித்தார். "மேரா பேட்டா அச்..." என் மகன் நல்ல என்பதோடு நின்றுவிட்டது. கூண்டில் நின்ற மகனைப் பார்த்தார். முகம் கோணியது. மூச்சை இழுத்து, இத்தனை வருடம் இட்லி விற்ற இந்தியில் ஒரே போடாகப் போட்டார்.

"ஆங்க் சோட் கே சப் சம்டி நிகால் டாலோ, மேடம்!"

ஊரில் இருப்பவர்களுக்கு நான் மொழிபெயர்க்கவே வேண்டாம். கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற தோலையெல்லாம் உரித்துவிடுங்கள்.

பின் பெஞ்சில் பூ வைத்த தலைகள் எல்லாம் ஆமோதித்து ஆடின. முன் பெஞ்சில் மராத்தி வக்கீல்கள் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். காளே எழுந்தே விட்டார். "பதிவு செய்துகொள்ள வேண்டும். பெற்ற தாயே கடுமையான தண்டனை கேட்கிறார்."

நான் எழுந்தேன். மராத்தி மொத்தமும் என்னைக் கைவிட்டு ஓடிவிட்டது. "இல்லை, அதாவது, எங்கள் பக்கத்தில்..." என்று உளறினேன். ஜட்ஜ் என்னைப் பார்க்கவில்லை. கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரவணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"எதற்குச் சிரிக்கிறாய்?" என்றார்.

அவன் பயந்துபோனான். "மன்னிக்கணும் மேடம். என்னைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தப்போ அம்மா டீச்சர்கிட்டயும் இதேதான் சொன்னாங்க. இதே வார்த்தை."

"பள்ளிக்கூடத்திலா?"

"ஆமா மேடம். இங்கதான், முனிசிபாலிட்டி மராத்திப் பள்ளிக்கூடம்."

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த டீச்சர் என்ன செய்தார்? தோலை உரித்தாரா?"

"இல்ல மேடம். ஒருநாள்கூட அடிச்சதில்ல. ஆனா விடவும் இல்ல. நான் கட் அடிச்சா கசார்வாடிக்கே வந்து கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவாங்க. பத்தாவது பாஸ் பண்ற வரைக்கும்."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "மேடம், பாளையங்கோட்டையில் என் அப்பாவும் என்னைப் பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியையிடம் இதையே சொன்னார். எங்கள் ஊரில் பிள்ளையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது எல்லாப் பெற்றோரும் சொல்வது இது. அடியுங்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. இனிமேல் இவன் உங்கள் பிள்ளையும்தான் என்று பொருள்."

ஜட்ஜ் செல்வியக்காவைப் பார்த்தார். குரலில் ஒரு குறும்பு இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது, ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். "அப்படியானால் இவனை ஜெயிலுக்கு அனுப்பட்டுமா?" என்று இந்தியில் கேட்டார்.

செல்வியக்கா திடுக்கிட்டுப்போனார். "ஜெயில் கிஸ்லியே?" எதற்கு ஜெயில் என்று கையை விரித்தார். "மை ஆப்கோ தியா, மேடம். ஜெயில்கோ நஹி தியா."

நான் உங்களிடம் கொடுத்தேன். ஜெயிலிடம் கொடுக்கவில்லை.

நான் எத்தனையோ வருடமாக மாணவர்களுக்கு நன்னடத்தைச் சட்டம் நடத்துகிறேன். பிரிவு, உட்பிரிவு, விதிவிலக்கு எல்லாம் சொல்லி, தேர்வும் வைத்திருக்கிறேன். தண்டிக்காமல் கோர்ட்டே ஒருவனைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வதுதான் அந்தச் சட்டம். அதை இவ்வளவு சின்னதாக நான் சொன்னதில்லை. என் பக்கத்தில் வெண்ணிலா மூக்கை உறிஞ்சினாள். காளே தன் தாள்களை அடுக்க ஆரம்பித்தார், அடுக்கிய தாள்களையே மறுபடி அடுக்கினார்.

ஜட்ஜ் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு படித்தார். இரண்டு ஆண்டுக்கு நன்னடத்தைப் பத்திரம். மாதா மாதம் அதிகாரி முன் ஆஜராக வேண்டும். தவறினால் இதே கோர்ட்டுக்கு வந்து தண்டனையை வாங்கிக்கொள்ள வேண்டும். சிறை இல்லை.

செல்வியக்காவுக்கு மராத்தி உத்தரவு புரியவில்லை. ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜட்ஜ் அதைக் கவனித்து, இந்தியில் அவருக்காகவே சொன்னார்.

"டீக் ஹை, ஆயி. லே லியா." சரி அம்மா. வாங்கிக்கொண்டேன்.

6

வெளியே வராந்தாவில் ஒரே களேபரம். செல்வியக்கா மகனின் முதுகில் இரண்டு கையாலும் போட்டு அடித்தார், அழுதார், மறுபடி அடித்தார். "கம்னாட்டி! உன்னால ஒரு நாளு யாவாரம் போச்சுடா! ஊரையே வேன் வச்சு இட்டாந்துக்கினு வந்து நிக்கறேன் பாரு!" சரவணன் சிரித்துக்கொண்டே அடி வாங்கினான். காளே அந்த வழியாகப் போனவர், என்னிடம் குனிந்து, "இதுவும் அன்புதானே, பதிவு செய்துகொள்ளலாமா?" என்றார். அவரை அப்போதே மன்னித்துவிட்டேன்.

யாரோ பெரிய தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். விடிவதற்கு முன்பே அவித்து எடுத்து வந்திருந்த இட்லி. தீர்ப்பு எப்படிப் போனாலும் மனிதருக்குப் பசிக்கும்தானே என்றார்கள். தத்தா பாவு மாடிப்படிப் பக்கம் தயங்கி நின்றார். சரவணன் போய் அவரைக் கையைப் பிடித்து, முறிந்த கையை இல்லை, மற்றக் கையை, கூட்டி வந்து முதல் தட்டை அவரிடம் கொடுத்தான்.

வெண்ணிலா சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவள் எடுத்த படம் பயன்படவில்லை, அவள் படித்த அட்டவணைக்கு இங்கே இடமே இல்லை. தனக்கு இதில் பங்கில்லை என்று நினைத்திருப்பாள் போல. செல்வியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவளைப் பார்த்துவிட்டார்.

"ஏண்டி! அங்க இன்னாடி பண்ற, பல்லி மாரி செவுத்துல ஒட்டிக்கினு?"

வெண்ணிலா திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"உன்னத்தாண்டி! அன்னிக்கும் வூட்டுக்கு வந்த, ஒரு இட்லி துன்னாம ஓடிட்ட. திமிரு. ஒட்டடக்குச்சி மாரி கீற, இதுல வக்கீலுக்கு வேற படிக்கறியா? இந்தா, புடி."

என் மகளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் விழித்தாள். பிறகு மெல்ல மெல்ல, காதுவரைக்கும் சிவந்தாள். ஓடி வந்து என் காதில், "அம்மா, அவங்க என்னைத் திட்டறாங்க!" என்றாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோதுகூட அவள் குரலில் நான் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டதில்லை.

போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள். இட்லியைச் சாம்பாரில் முக்கி வாயில் போட்டாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நன்றாக மென்று விழுங்கினாள். தனக்குத் தெரிந்த தமிழில் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து, செல்வியக்காவின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"சாம்பார்... கேவலமா இருக்கு. உப்பு இல்ல. ஒண்ணும் இல்ல. இதைப் போய் மனுஷன் சாப்பிடுவானா?"

செல்வியக்கா போட்ட சிரிப்பில், வாசலில் நின்ற போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "பாத்தியா வக்கீலம்மா, வாயப் பாத்தியா இதுக்கு!" என்று சொல்லிக்கொண்டே கரண்டியை எடுத்தார்.

வெண்ணிலா தட்டை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள்.